பூனைக்குச் சொன்ன மன்றாட்டு மாலை

பூனை அவளைப் பார்க்கவில்லை, அவளும் பூனையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் ஷிஃபானா சொல்லிவிட்டுப் போன முதல் விஷயம். கண்ணுக்குக் கண் பாத்தா சண்டைக்குக் கூப்பிடுறதா நினைச்சுக்கும்க்கா, சுவத்தப் பாருங்க, தரையப் பாருங்க, கையை மட்டும் நீட்டிராதீங்க, ஒரே குரல்ல என்னத்தையாச்சும் பேசிக்கிட்டே இருங்க, அதுவா வரும். ஆகவே பெர்னதெத் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, பின்பக்கத்து பாத்ரூமின் நீல டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மட்டும் விரிசல். தலைமயிர் போல ஓடி, சோப்பு டப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கமோடுக்குப் பின்னால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கையகல இடுக்கில், சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவித்த சாளை மீனின் நாற்றம், தட்டில் கொட்டிவைத்த கடல்மணலின் ஈர நாற்றம், அதற்கும் அடியில் புளித்துப்போன இன்னொரு வாசனை. அது பூனையிடமிருந்து வருகிறதா தன் நைட்டியிலிருந்து வருகிறதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் பால்தான். குடிக்க வாயில்லாமல் ஒன்று மயிரிலும் ஒன்று துணியிலும் வழிந்து காய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், மாமி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் கம்பி கொக்கியில் உரசி க்ரீச், க்ரீச் என்றது, அந்த க்ரீச்சுக்கு நடுவே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம். ஒரு கையால் பிள்ளையை ஆட்டிக்கொண்டே மறுகையால் பிள்ளையின் சாமான்களைக் கட்டுகிறாள். முடிச்சுப் போட்ட வெள்ளைச் சட்டைகள், இடுப்புத் துணிகள், வசம்பு, புதிதாக வாங்கிய பால்மாவு டின். சாயங்காலம் பெர்னதெத்தின் கணவன் ஆன்றோ துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து நேரே காரோடு வருவான். மாமியும் பிள்ளையும் மாமியின் ஊரான மணப்பாட்டுக்குப் போவார்கள். பெர்னதெத் போகமாட்டாள். அவ கொஞ்சம் தெளியட்டும் என்று மாமி மகனிடம் சொன்னதை அவள் அடுக்களையில் நின்று கேட்டாள். தெளியட்டும். யாரோ காலை விட்டுக் கலக்கிய குட்டையைச் சொல்வதுபோல.

தெளிந்தால் எப்போது என்று யார் வந்து எட்டிப்பார்ப்பார்கள், எந்த ஆழத்தில் எது தெரிந்தால் தெளிந்ததாகக் கணக்கு, அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பூனைக்காவது ஷிஃபானா அடையாளம் சொல்லியிருந்தாள்: காது பின்னால் படியாமல் இருக்கணும், தட்டுல வச்சத ஆள் இருக்கும்போதே சாப்பிடணும், மெதுவா கண்ணை மூடித் திறக்கணும். மூன்றாவது இதுவரை நடக்கவில்லை. முதல் இரண்டும் அரையும் குறையுமாக நடந்தன. சாளையைத் தின்னும், தின்றுகொண்டே உறுமும், தொண்டைக்குள் மீனும் கோபமும் ஒன்றாக இறங்கும். நல்லா உறுமு, என்று பெர்னதெத் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள், நானும் அப்படித்தான் சாப்பிடுதேன், எதிர்ல ஸ்டூலப் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தா பின்ன எப்படிச் சாப்பிடுறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் அந்த ஸ்டூல் எதிரில் இருக்கும். மாமி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைப்பாள், உட்கார்ந்து அவள் கைகளையே பார்ப்பாள், முகத்தையல்ல, கைகளை. குடித்து முடித்ததும் ஏப்பத்துக்குக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். கடன் கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப வாங்கிப் போகிற மாதிரி. அப்போது அவள் பல்லுக்குப் பின்னால் ஒன்று எழும்பும். சத்தமாக வராது. கான்வென்ட்டில் படித்த பிள்ளை சத்தம் போடாது. சிஸ்டர் இம்மாக்குலேட் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு உதட்டில் விரலை வைத்தால் இந்தக் கோடியில் இருக்கும் பிள்ளையின் பேச்சு பாதியில் நின்றுவிடும். அந்த விரல் இன்னும் எடுக்கப்படவில்லை.

இந்தப் பூனையை அவள் கொண்டுவரவில்லை. அதுவாகத்தான் வந்தது. படிக்கட்டுக்கு அடியில், கரண்ட் மீட்டர் அலமாரிக்குள் குட்டி போட்டிருந்தது; ஃப்ளாட் செகரட்டரி ஆள்விட்டு குட்டிகளை அட்டைப் பெட்டியில் அள்ளி மீன் ஏலக்கூடத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார், தாய் இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்து. திரும்பி வந்த பூனை மீட்டர் அலமாரிக்குள் தலையை விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது. பிறகு கீழ்த்தளத்தில் ஒவ்வொரு கதவாக நின்று கத்தியது. அந்தக் கத்தலை முதலில் கேட்டது பெர்னதெத்தின் காது அல்ல. மார்பு. கீழ்த்தளத்தில் அது கத்தினபோதே இங்கே மூன்றாவது மாடியில் சுருக்கென்று இழுத்து, நைட்டியில் இரண்டு ஈர வட்டங்கள் விரிந்தன. சே, பூனைக்குமா, என்று அவள் வெட்கப்பட்டாள், உடம்புக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லையே என்று. அதே நேரம் தொட்டிலில் பிள்ளை அழுதது. பூனைக்கும் அதே குழப்பம் போல. இரண்டு மாடிக் கதவுகளை விட்டுவிட்டு அழுகை வந்த கதவுக்கு வந்தது, குப்பை எடுக்கிறவருக்காகத் திறந்திருந்த இடைவெளியில் நுழைந்து நேரே தொட்டிலுக்கு அடியில் போய் நின்று மேலே பார்த்தது. மாமி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. ஐயோ மாதாவே, புள்ளயக் கடிக்கப் போவுதே சவம், என்று விளக்குமாற்றை வீசினாள், அது படவில்லை, பூனை சுவரோடு ஓடி இந்த பாத்ரூமுக்குள் புகுந்தது, பெர்னதெத் ஓடிவந்து வெளியிலிருந்து தாழ் போட்டாள். எல்லாரும் அவள் பூனையைப் பிடித்து அடைத்தாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் விளக்குமாற்றைத்தான் வெளியே அடைத்தாள். அது கடிக்க வரவில்லை, எண்ணிப் பார்க்க வந்தது, இது என்னுதா என்று பார்க்க வந்தது. இதை மாமியிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, ஆரம்பித்தால் அது பூனையோடு நிற்குமா.

ராத்திரி ஆன்றோ வந்ததும் மாமி முறையிட்டாள், அவன் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே, புள்ள பிறந்ததுலேருந்து அவ எதுவும் கேக்கல, இத ஒரு வாரம் வச்சுக்கட்டும்மா, என்றான். நல்லவன்தான். நல்லவனாக இருப்பது அவனுக்குச் சுலபம், பகல் முழுக்கக் கப்பல்களோடு இருக்கிறான். ஷிஃபானாவைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். காயல்பட்டினத்துப் பெண், கல்லூரி முடித்துவிட்டுத் தெருநாய்க்கும் பூனைக்கும் அலைகிறவள். அவள் ஏலக்கூடத்துக்குப் போய்த் தேடினாள். நாலில் இரண்டு உயிரோடு கிடைத்தன. அவற்றுக்குத் தன் வீட்டில் இங்க் ஃபில்லரால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவற்றைக் கொண்டுவருகிறாள். தாய் சேர்த்துக்குமா தெரியாதுக்கா, என்று போனில் சொன்னாள், மனுஷக் கை வாசனை ஏறிட்டு, வேற பால் வாசனை ஏறிட்டு, பயந்த பூனை தன் குட்டியவே கடிச்சுப் போட்றதும் உண்டு, நீங்க தைரியமா இருங்க. தன் குட்டியவே. அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், நாளை மழை வரலாம் என்பதுபோல. கேட்கலாமா என்று பெர்னதெத்துக்கு இருந்தது: கடிச்சுப் போட்ற பூனைக்கு, கடிக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா, ஷிஃபானா? அது அதை யார்கிட்டயாவது சொல்லுமா?

பெர்னதெத் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு காலை, பிள்ளைக்கு இளவெயில் காட்டச் சொல்லியிருந்தார்கள் என்று பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். கீழே ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புக் காற்று. பிள்ளையின் உச்சந்தலை துடித்துக்கொண்டிருந்தது, தோலுக்கு அடியில் ஏதோ குட்டி மீன் நீந்துவதுபோல. அப்போது ஒரு நினைப்பு வந்தது, அவள் அழைக்காமல், கதவு தட்டாமல்: கையை விட்டா? அவ்வளவுதான். இரண்டு சொல். அதற்குமுன் கோபமில்லை, அதற்குப்பின் ஆசையில்லை. ஆனால் பிள்ளையை நெஞ்சோடு அப்பிக்கொண்டு முட்டியிட்டே உள்ளே நகர்ந்துவந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ராத்திரி ஆன்றோவிடம், பால்கனிக் கதவப் பூட்டி சாவிய நீங்க எடுத்துட்டுப் போயிருங்க, என்றாள். ஏன் என்றான். சொன்னாள். அவன் முகம் மெதுவாக, மிக மெதுவாக, தூரத்துக் கப்பல் திரும்புவதுபோல வேறு பக்கம் திரும்பியது. மறுநாள் மணப்பாட்டிலிருந்து மாமி வந்து இறங்கினாள். அன்றிலிருந்து தொட்டில் ஹாலுக்குப் போனது, ஸ்டூல் எதிரில் வந்தது. பூட்டச் சொன்னவளே நான்தானே, என்று அவள் எத்தனையோ முறை இந்தச் சுவரிடம் வாதாடியிருக்கிறாள், தள்ளிவிட நினைக்கிறவ சாவியை ஏன் கொடுக்கணும். உடனே சிஸ்டர் இம்மாக்குலேட் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கோயிலில் முதன்முறை அப்பம் வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்த வகுப்பு. பாவத்துக்கு மூன்று வாசல், பிள்ளைகளே: நினைப்பு, பேச்சு, செய்கை. சாக்பீஸால் மூன்று கோடு; முதல் கோட்டைத்தான் அழுத்தி, சாக்பீஸ் பொடிந்து விழ விழ வரைவாள். செய்யாவிட்டாலும் நினைத்தால் நினைத்ததுதான், ஆண்டவருக்கு உள்ளே தெரியும். பெர்னதெத் கெட்டிக்கார மாணவி. கேட்டதை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டவள். ஆகவே அந்தக் காலையில் பிள்ளை விழவில்லை என்பது ஸ்கூட்டர் துடைத்தவருக்கும் ஆன்றோவுக்கும் வேண்டுமானால் போதும். முதல் கோட்டின் கணக்கில் பிள்ளை விழுந்துவிட்டது. அது தினமும் விழுகிறது. தொட்டில் க்ரீச் என்னும்போது விழுகிறது, காய்கறிக் கத்தியை எடுக்கும்போது வேறு விதமாக, குளிப்பாட்டும் தொட்டியில் வெந்நீரை விளாவும்போது இன்னும் வேறு விதமாக. அது வராமலிருக்க அவள் நெற்றியைச் சுவரில் முட்டுவாள், முட்டினால் இன்னும் வேகமாக வரும், விரட்ட விரட்டக் காலைச் சுற்றும்.

கமோடுக்குப் பின்னால் உறுமல் ஏறியது. அவள் பேச்சை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது போல. ஒரே குரல்ல, அக்கா, ஒரே ஏற்றம் ஒரே இறக்கம். முதல் நாள் அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பூனையிடம் என்ன பேசுவது, சாப்பிட்டியா என்றா. வாய்ப்பாடு சொன்னாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கிற இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பூனை சீறியது. பிறகு தானாக வாயில் வந்ததுதான் மாதா மன்றாட்டு மாலை. விடுதியில் மாலைதோறும் முட்டியிட்டுச் சொன்னது. ஒருத்தி மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்க, மற்ற எல்லாரும் ஒவ்வொரு பெயருக்கும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று ஒரே இழுப்பில் சொல்வது. பாதித் தூக்கத்திலும் சொல்லலாம். அலை வந்து வந்து போவதுபோல ஒரே அளவு. பூனைக்கு அது பிடித்தது, அல்லது பயமாக இல்லை, இரண்டுக்கும் இவ்விடத்தில் வித்தியாசம் கிடையாது. ஒரு சங்கடம்தான், பதில் சொல்ல ஆளில்லை. பெயரையும் அவளே சொல்லி பதிலையும் அவளே சொல்ல வேண்டியிருந்தது, கேள்வி கேட்டவளே விடை எழுதும் பரீட்சை. நடுநடுவே பூனை உறுமும், அதையே பதிலாக எடுத்துக்கொள்வாள். இப்போதும் டைல்ஸ் விரிசலைப் பார்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள், தாழ்ந்த குரலில், பெயர், பதில், பெயர், பதில். உறுமல் இறங்கியது. ஹாலில் தொட்டில் சத்தமும் நின்றது. அதுதான் கெட்ட சகுனம். தொட்டில் நின்றால் மாமி கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருக்கிறாள்.

முன்பொரு நாளும் அப்படித்தான் கேட்டாள். கேட்டுவிட்டு எதிர்வீட்டு செல்வமேரி அக்காவிடம் போனாள், வாசலில் நின்று இரண்டுபேரும் பேசியது வென்டிலேட்டர் வழியாக முழுசாக உள்ளே வந்தது. "பாத்ரூமுக்குள்ள தாழப் போட்டுக்கிட்டு மாதா பிரார்த்தனை சொல்லுதா, செல்வமேரி. கக்கூஸுல வச்சு! பூனைக்கு முன்னால!" "ஐயோ, இது வேற என்னமோ மாதிரில்லா இருக்கு லூர்தம்மா. பேசாம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி நாப்பது நாள் தங்க வைங்க. அங்க கட்டிப்போட்டாகூட மாதா பாத்துக்கிடுவா." "அவளக் கட்டிப்போட்டா போதுமா, எம்புள்ள பெத்த புள்ளய யாரு பாக்க?" இப்படியாக ஒரு பூனையைப் பழக்குவதற்காகச் சொன்ன மன்றாட்டு, அவளுக்குப் பிடித்திருக்கும் பிசாசின் அத்தாட்சியாகிவிட்டது. மணப்பாட்டுப் பயணம் அன்று முடிவானதுதான். வேற எதையாவது சொல்லியிருக்கலாம். சினிமாப் பாட்டுச் சொல்லியிருந்தா பைத்தியம்னு விட்டிருப்பாங்க. மாதாவ இழுத்ததுதான் தப்பு. "ஏளா பெர்னா," இப்போது கதவில் இரண்டு தட்டு, "உள்ள உயிரோட இருக்கியா?" "இருக்கேன் மாமி." "அந்தக் காயல்பட்டினத்துப் புள்ள வந்திருக்கு. கூடையோட. நல்ல நாளும் பொழுதுமா வீட்ட சந்தையாக்கியாச்சு." பிறகு, கொஞ்சம் குரல் தாழ்த்தி, "வெளிய வந்ததும் கையை டெட்டால் போட்டுக் கழுவு. போறதுக்கு முன்னால புள்ளைக்குக் கடைசியா ஒருதடவ கொடுத்துரு." கடைசியா. அந்தச் சொல்லை மாமி வேண்டுமென்று போட்டாளா, வாய் தவறிப் போட்டாளா. மாமியும் தூங்கிப் பல நாளாகிறது, குரல் கிழிந்த சீலைபோல இருக்கிறது. இருக்கட்டும். கிழியட்டும். பெர்னதெத்துக்கு இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தை அப்படியே பல்லால் கவ்விக் குதறிப் போட வேண்டும்போலவும் வந்தது.

அவளிடம் ஒரு பழைய கெட்ட பழக்கம் உண்டு, ஆண்டவரோடு பந்தயம் கட்டுவது. மணி அடிக்கிறதுக்குள்ள கோபுரத்துல காக்கா உட்கார்ந்தா கணக்குல பாஸ். உட்கார்ந்தது, பாஸானாள். அதனால் பழக்கம் விடவில்லை. ஷிஃபானா போன் வைத்த அன்றே, யோசிக்காமலேயே, பந்தயம் கட்டியாகிவிட்டது: பூனை குட்டிகளைச் சேர்த்துக்கொண்டால் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவது. கடித்தால், கடித்தால் எல்லாம் சரி, அவர்கள் சொல்வது சரி, முதல் கோடு சரி. பெட்டியைத் தானே கார்வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடுவது. காலையிலிருந்து அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது பூனையின் காதையா? தீர்ப்பு எழுதப்போகிறவரின் பேனாவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷிஃபானா பக்கவாட்டில் நழுவி உள்ளே வந்தாள், முழங்கைவரை தோல் உறை, கக்கத்தில் மூங்கில் கூடை. "அஸ்ஸலாமு அலைக்கும் பூனையம்மா, ரொம்பக் கோவமோ?" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள், பிறகு பெர்னதெத்திடம், "மூஞ்சி ஏன்க்கா இப்படி வெளுத்துக் கிடக்கு? உங்க புள்ளையவா கூடையில கொண்டாந்தேன்?" சிரித்தாள். பெர்னதெத்தும் சிரிக்க முயன்றாள், கன்னம் ஒரு பக்கம் மட்டும் போனது. கூடைத்துணியை விலக்கியதும் இரண்டு குட்டிகள், ஈரப் பஞ்சு மாதிரி, கண்ணின் நீலம் இன்னும் கலங்கலாக. ஒன்று கத்தியது. ஊசியால் கோடு போட்டதுபோன்ற சத்தம். உடனே மார்பு சுருக்கென்று இழுத்தது, பெர்னதெத் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். கமோடுக்குப் பின்னால் மூச்சு நின்றது. சாம்பல் தலை வெளியே வந்தது. காது நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்திருந்தது, அவள் பார்த்தாள், ஐயோ நிமிர்ந்திருக்கிறதே. ஷிஃபானா பழைய துண்டை விரித்துக் குட்டிகளை அதில் விட்டாள், அவை தலையை ஆட்டிக்கொண்டு, முன்னங்கால் முட்டி தரையில் இடிக்க, சத்தத்தைப் பார்த்து ஊர்ந்தன. பூனை ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அடி. மூக்கை நீட்டி ஒரு குட்டியின் முதுகை மோந்தது, நெடுநேரம், அங்கே எழுதியிருப்பதைப் படிப்பதுபோல: சோப்பு, பால்பவுடர், காயல்பட்டினம், யாரோ ஒருத்தியின் கை. பிறகு காது படிந்தது. சீறியது. முன்னங்காலால் ஒரே அடி, குட்டி உருண்டு மணல் தட்டில் மோதியது. ஷிஃபானா உறைபோட்ட கையை நடுவில் வைத்தாள், பல் அந்தத் தோலில் இறங்கியது, கழுத்தைப் பிடித்துக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுத் துணியை மூடினாள். எல்லாம் ஒரு மூச்சுக்குள். பூனை பழையபடி இடுக்குக்குள் போய்விட்டது. ரத்தமில்லை. கத்தல் மட்டும் கூடைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

ஆச்சு, என்று பெர்னதெத் நினைத்தாள். நிம்மதிபோலக்கூட இருந்தது, நெடுநாள் காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்தால் இருக்கும் நிம்மதி. பெட்டி எவ்வளவு கனமிருக்கும், படியிறங்கும்போது எந்தக் கையில் பிடிப்பது. ஷிஃபானா உறையைக் கழற்றிப் பல் பதிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பரவால்ல, நகத்த உள்ள இழுத்துக்கிட்டுத்தான் அடிச்சிருக்கு. கவனிச்சீங்களா? குட்டிமேல ஒரு கீறல் இல்ல." "அடிச்சிட்டே," என்றாள் பெர்னதெத். "அடிக்கத்தான் செய்யும். பயம்க்கா அது. இந்தத் துண்ட இங்கயே விட்டுட்டுப் போறேன், குட்டி வாசனை இருக்கும், பக்கத்துலயே கிடக்கட்டும். நாளைக்குத் திருப்பிக் கொண்டாறேன்." "நாளைக்கா?" "நாளைக்கு. ஒத்துக்கலைன்னா மறுநாள். அதுக்குள்ள நம்ம என்ன, இதக் கெட்ட தாய்னு போர்டா மாட்டப் போறோம்?" கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள், ஹாலில் மாமியிடம், போயிட்டு வர்றேன் ஆன்ட்டி, என்று சொல்வது கேட்டது. பெர்னதெத் வாளியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு. எவ்வளவு சின்னச் சொல். அது அலமாரியில் எல்லார் கைக்கும் எட்டுகிற உயரத்தில்தான் இருந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆன்றோ கொடுக்கவில்லை, சிஸ்டர் கரும்பலகையில் அதற்குக் கோடு போடவில்லை. கடிக்க வந்த பூனைக்கு நாளைக்கு உண்டு. கதவைப் பூட்டச் சொன்னவளின் பிள்ளைக்கு மணப்பாடு. மெதுவாக, காலிலிருந்து ஏறுகிற மரத்துப்போன உணர்ச்சிபோல, ஒரு கோபம் ஏறியது. இது பழைய கோபம் அல்ல, பல்லுக்குப் பின்னால் நிற்கிற அடக்க ஒடுக்கமான கோபம் அல்ல. பந்தயத்தில் தோற்றுவிட்டாள். தோற்றால் தோற்றதுதான், யார் பந்தயம், காக்கா உட்காராவிட்டாலும் கணக்குப் போடத் தெரிந்தவள் பாஸாகியிருப்பாள்தானே. எழுந்தாள். டெட்டால் போட்டு முழங்கைவரை கழுவினாள். ஹாலுக்கு வந்தாள்.

பெட்டி கதவோரம் நின்றது. மாமி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி ஸ்டூலில் இருந்தாள். "சேத்துக்கிட்டா அது?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டதுபோலக் கேட்டாள். "இல்ல மாமி. அடிச்சிட்டு." "பாத்தியா." அந்தப் பாத்தியாவில் வெற்றி இருந்தது, அதன் ஓரத்தில் ஏதோ ஏமாற்றமும் இருந்தது. "நாளைக்கும் கொண்டுவந்து வச்சுப் பாக்கணுமாம்." "பாரு, பாரு. ஒனக்கென்ன வேல." பெர்னதெத் குனிந்து தொட்டிலுக்குள் கைவிட்டாள். மாமி கயிற்றை இறுக்கினாள், தொட்டில் சாய்ந்து நின்றது. "புள்ளயத் தாங்க மாமி." "உட்காரு, நான் எடுத்துத் தாரேன்." "நானே எடுத்துக்கிடுதேன். ஊருக்கு விடமாட்டேன்." "ஏளா, என்ன பேச்சு பேசுத? நீ அவங்கிட்ட சொன்னத மறந்துட்டியா? என் வாயால அதச் சொல்லணுமா?" "சொல்லுங்க. நானும் தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தராச்சும் நாளைக்குப் பாப்போம்னு சொன்னீங்களா? பூனைக்குச் சொல்லுதாங்க மாமி." குரல் உயர்ந்துவிட்டது. தாழ்வாரத்துக் கோடியில் விரல் எழுந்தது, எழுந்த விரலைக் கடித்துவிடுவேன் என்று அவள் நினைத்தாள், நினைத்தது பாவம் என்றால் பாவம். "பூனையும் நீயும் ஒண்ணாளா?" "ஒண்ணில்ல. அதோட குட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னுது இன்னும் வீட்டுலதான் இருக்கு. கயித்த விடுங்க." மாமி விடவில்லை. இரண்டுபேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள், கண்ணுக்குக் கண், எப்படிப் பார்க்கக் கூடாது என்று ஷிஃபானா சொன்னாளோ அப்படியே. கயிறு தளர்ந்தது எப்போது என்று இருவருக்கும் தெரியாது. "ஆன்றோ வரட்டும்," என்றாள் மாமி. "வரட்டும்," என்றாள் பெர்னதெத்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹால் தரையில், சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். பால்கனிக் கதவு எதிரில் பூட்டிக் கிடந்தது, கண்ணாடியில் சாயங்காலம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. பிள்ளை வாயைப் பொருத்தியது, பல்லில்லாத ஈறால் நறுக்கென்று கடித்துவிட்டுப் பிறகு குடித்தது. வலித்தது. வலிக்கட்டும். அப்போது அந்த நினைப்பு வந்தது. வருமென்று தெரியும். கையை விட்டா? சுவரோரமாக, சாம்பல் நிறத்தில், காதைப் படியவைத்துக்கொண்டு வந்து அறையின் மூலையில் உட்கார்ந்தது. நெற்றியை முட்டத் தலை பின்னால் போனது, நிறுத்தினாள். அதைப் பார்க்கவில்லை. விரட்டக் கையை நீட்டவில்லை. எதிர்ச்சுவரில் காலண்டர் ஆணியைப் பார்த்தாள். உட்காரு, அங்கயே உட்காரு, நானும் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். வாய் தானாகப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது, தாழ்ந்த குரலில், ஒரே ஏற்றம் ஒரே இறக்கம், ஒரு பெயர், பதில், ஒரு பெயர், பதில். மூலையில் இருந்தது உறுமியது, போகவில்லை, கிட்டவும் வரவில்லை. பிள்ளையின் உச்சந்தலை துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டு மூச்சுக்காக நின்றாள், அந்த இடைவெளியில், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், என்று ஸ்டூலிலிருந்து வந்தது. வாய் தவறி வந்தது. அறுபது வருஷம் மன்றாட்டு சொன்ன வாய், பெயர் விழுந்தால் பதில் விழுந்துவிடும், அதற்கு மாமி என்ன செய்வாள். சொன்னதும் மாமி திடுக்கிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு அவளை முறைத்தாள். பெர்னதெத் ஆணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பெயரைச் சொன்னாள். கீழே கார் ஹாரன் அடித்தது, ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை. மாமி எழுந்தாள், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள், தரையில் உட்கார்ந்திருப்பவளின் கைகளைப் பார்த்தாள், அவை பிள்ளையைச் சுற்றி இருந்தன. பாத்ரூமுக்குள் பூனை கத்தியது. பெயர் காற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, பெர்னதெத் அதற்குத் தானே பதில் சொல்லாமல் காத்திருந்தாள். பெட்டியின் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கோபமாகத்தான் வந்தது.